ஜெபகனி வாய் ஓய்ந்த காலை

ஆம்பூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தத் தெருவில் யாரும் அலாரம் வைத்துக்கொண்டு தூங்குவதில்லை. பள்ளிவாசல் பாங்கு ஒரு பக்கம், அது ஓய்வதற்குள் ஜெபகனியின் ஜெபம் ஒரு பக்கம். பாங்காவது சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஜெபகனி ஆரம்பித்தால் பால்காரர் வந்து போய், எதிர்வீட்டுக்காரர் குளித்து முடித்து டிபன் டப்பாவோடு கிளம்பும்வரை ஓடும். ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தாள். மனசுக்குள் ஜெபித்தால் ஆண்டவருக்குக் கேட்கும், ஆனால் தனக்குக் கேட்காதே என்பாள்.

ஷூ கம்பெனியில் அவளுக்குத் தையல் பிரிவு. தோலை மிஷினுக்குக் கொடுத்து வளைத்துத் தைக்கும்போதும் உதடு சும்மா இருக்காது. ஒரு தையலுக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று கணக்கு. அக்கா மிஷினில் மட்டும் ரெண்டு மோட்டார் ஓடுது என்று பக்கத்து மிஷின் அம்பரீன் கிண்டல் செய்வாள். கிண்டலெல்லாம் வாயளவில்தான். தன் பிள்ளைக்கு ஜுரம் என்றால் அம்பரீன் முதலில் வந்து சொல்வது ஜெபகனியிடம்தான்.

இப்படி ஓயாமல் ஜெபிக்கிறவளுக்கு ஆண்டவரிடம் சொந்தமாகக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வேலூரில் நடந்த ஒரு கூட்டத்தில், ஊழியத்துக்கு உங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று பிரசங்கியார் கேட்டபோது அவள் கை தூக்கியிருந்தாள். அன்றிலிருந்து அழைப்புக்காகக் காத்திருந்தாள். வந்ததென்னவோ டைட்டஸ் வீட்டுப் பெண் பார்க்கும் படலம்தான். அப்புறம் கேத்தரின் பிறந்தாள், அப்புறம் கம்பெனி வேலை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஜெபத்தை அவள் முடிப்பது ஒரே வாக்கியத்தில்தான். என்னைக் கூப்பிடும், ஆண்டவரே, நான் கேக்குறேன். அழைப்பு எப்படி வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மேடை, ஒரு மைக், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. பாவம், யாருக்குத்தான் அப்படி ஒரு ஆசை இருக்காது.

கேத்தரின் ஒரே பெண். பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது முட்டிக்கு மேலே வீங்கியது. எண்ணெய் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள். கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியில் எலும்புப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றி, முடி கொட்டி, எலும்பை வெட்டி எடுத்துக் கம்பி வைத்து, மறுபடி மருந்து ஏற்றி, ஒரு வருஷம் போனது. தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டும் டைட்டஸ் அதிகம் பேசாத மனுஷன். அந்த ஒரு வருஷத்தில் இன்னும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஜெபகனி இன்னும் கூட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு ஜெபித்தாள், பஸ்ஸில் ஜெபித்தாள், உபவாசம் இருந்து ஜெபித்தாள். ஒரு தாய் என்ன செய்வாள், தன்னிடம் இருப்பதைத்தானே கொடுப்பாள். அவளிடம் இருந்தது அதுதான்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் டாக்டர், இப்போதைக்கு ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்றார். டைட்டஸ் காதில் 'கட்டாயம்' விழுந்தது. ஜெபகனி காதில் 'தெரியவில்லை' விழுந்தது.

சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. காணிக்கை எடுப்பதற்கு முன்னால், நன்மை பெற்றவர் காணிக்கைக் கவரோடு முன்னால் போய், ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டும். இது எல்லோரும் செய்வது. ஜெபகனி உபவாசக் கூட்டங்களில் இதற்கு மேலே ஒரு படி கற்றுக்கொண்டிருந்தாள். கையில் கிடைப்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் விசுவாச சாட்சி. ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் வீட்டில் நோய் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் சொன்னது பொய்யாகிவிடும், ஆண்டவர் பேருக்கும் இழுக்கு.

அறுப்பின் பண்டிகையன்று, பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்து கிடந்த பீடத்துக்கு முன்னால் ஜெபகனி போய் நின்றாள். முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்த கேத்தரினைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இந்த வியாதிய ஆண்டவர் வேரோட புடுங்கிப் போட்டுட்டாரு. இனிமே அது என் பொண்ணு பக்கம் எட்டிக்கூட பாக்காது. இது நடந்து முடிஞ்சது" என்றாள்.

சபை முழுக்க அல்லேலூயா என்றது. கண் கலங்காதவர் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போதகர் தேவானந்தம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சுகம் கிடைத்ததற்கு நன்றி சொன்னது நல்லது, ஆனால் இனி வரவே வராது என்று டாக்டரும் சொல்லவில்லையே, எதற்கும் செக்கப்பை விட்டுவிடாதே அம்மா என்று தணிந்த குரலில் சொன்னார். ஜெபகனி தலையாட்டிவிட்டு வந்தாள். படித்த போதகர்களுக்கே விசுவாசம் கம்மி என்று வீடு வரும்வரை அவளுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கூட்டங்களிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. வாணியம்பாடியில் ஒரு ஜெபவீடு, பேர்ணாம்பட்டில் ஒரு பெண்கள் கூடுகை, அப்புறம் கலவை என்ற ஊரில் ஒன்று. வந்து உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள் அக்கா என்று கூப்பிட்டார்கள். மேடை இருந்தது. மைக் இருந்தது. வெள்ளைச் சேலை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் காத்திருந்த அழைப்பு இதுதான் என்று ஜெபகனிக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் பத்து வயசு குறைந்துபோய்விட்டது என்றார்கள்.

எல்லா இடத்துக்கும் கேத்தரின் கூடவே போவாள். சாட்சி முடிகிற இடத்தில், மகளே கொஞ்சம் நடந்து காட்டு என்பார்கள். கேத்தரின் மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து, திரும்பி நடந்து, சிரித்தபடி வந்து நிற்பாள். கூட்டம் கைதட்டும். கலவையில் நடந்து காட்டியபோது அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்ததை ஜெபகனி பார்த்தாள். ஃபேன் சரியாக ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

செக்கப் நாள் வந்தது. டைட்டஸ் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஃபைலை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஜெபகனிக்கு இக்கட்டாகப் போய்விட்டது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போனால் சொன்ன சாட்சி என்ன ஆவது. கடைசியில் மகளிடமே கேட்டாள். நீயே சொல்லு கண்ணு, போகணுமா?

கேத்தரின் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், வேண்டாம்மா, எனக்கு ஒன்றும் இல்லையே என்றாள்.

என் பெண்ணுக்கு இருக்கிற விசுவாசத்தைப் பார் என்று ஜெபகனிக்கு நெஞ்சு பூரித்தது. டைட்டஸ் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு மதிய ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த செக்கப்புக்கு அவர் சட்டையை எடுக்கவே இல்லை.

சித்திரை வெயிலில் கேத்தரினுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வெயில்காலச் சளி என்று ஜெபகனி கம்பெனி விட்டு வரும் வழியில் சமீருல்லாவின் மெடிக்கலில் இருமல் சிரப் வாங்க நின்றாள். சமீருல்லா கடைக்கு வருகிறவர்கள் நோயெல்லாம் தன் வீட்டு நோய் மாதிரி விசாரிக்கிற ஆள். சிரப்பைக் கவரில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இடுப்பு வலி இப்ப எப்டி இருக்கு அக்கா? அந்த மாத்திரை ஜாஸ்தி போடாதீங்க, வயிறு புண்ணாயிடும். பாப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன். அம்மாவுக்கு மிஷின்ல உக்காந்து உக்காந்து முடியலன்னு வாரா வாரம் வந்து வாங்கினு போவுது."

ஜெபகனிக்கு இடுப்பு வலி கிடையாது. அவள் வயசுப் பெண்கள் எல்லோருக்கும் இருக்கிறது, அவளுக்கு மட்டும் இல்லை என்று அம்பரீன்கூட அங்கலாய்த்திருக்கிறாள். பரவாயில்லை தம்பி என்று என்னவோ சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை வாங்க மறந்து நடந்தாள்.

வீட்டில் கேத்தரின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூ மேல்தோலைக் கையால் பின்னிக்கொண்டிருந்தாள். கம்பெனிகள் வீட்டுக்கே கொடுத்து அனுப்பும் வேலை அது. உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவளாகக் கேட்டு வாங்கியது. சிரப்பை நீட்டிவிட்டு, யாருக்கு மாத்திரை வாங்கினாய் என்று ஜெபகனி கேட்டாள். கேத்தரினின் ஊசி ஒரு கணம் நின்றது. அப்புறம் சிரித்தாள். எப்போதாவது லேசாக இழுக்கும்மா, கம்பி வைத்த கால் இல்லையா, வேறு ஒன்றும் இல்லை, ஆண்டவர்தான் சுகம் கொடுத்துவிட்டாரே என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை ஜெபகனி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வாள்? அதை விட்டால் அந்தப் பக்கம் இருப்பது பாதாளம். மகளைப் படுக்க வைத்து, காலில் கை வைத்து, அந்த இழுப்பை அதட்டி விரட்டினாள். கை அழுத்தமாக விழுந்தபோது கேத்தரினின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஜெபம் முடிந்ததும் ஆமென் என்றாள். பக்திதான் கண்ணை மூட வைக்கிறது என்று தாய் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை பாங்கு ஒலித்து ஓய்ந்தது. ஜெபகனி வழக்கம்போல ஹாலில் பாயை விரித்து முழங்கால் போட்டாள். ஆரம்பமெல்லாம் தடங்கல் இல்லாமல்தான் வந்தது. ஸ்தோத்திரம் சொன்னாள், துதித்தாள், குரலை உயர்த்தினாள். கேத்தரினின் பெயருக்கு வந்த இடத்தில் சமீருல்லாவின் குரல் குறுக்கே வந்தது. வாரா வாரம் வந்து வாங்கினு போவுது. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள், வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. வாய் அப்படியே ஓய்ந்துவிட்டது.

அப்போதுதான் அது கேட்டது.

உள்ளறையிலிருந்து ஒரு முனகல். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதால் வருமே, அந்த மாதிரி. இவள் நிறுத்தின பிறகும் அது ஒரு மூச்சு நேரம் நீண்டது. பிறகு சட்டென்று அறுந்தது.

ஜெபகனி அசையாமல் இருந்தாள். தெருநாயாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். பிறகு, ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, குரலை எழுப்பி, ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் அந்த முனகல் மறுபடி ஆரம்பித்தது. நிறுத்தினாள். அதுவும் நின்றது.

இதற்கு மேல் எதையும் யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பகலெல்லாம் அடக்கி, ராத்திரியெல்லாம் அடக்கி, அம்மா ஜெபிக்கும் நேரத்துக்காக அந்தப் பெண் காத்திருந்திருக்கிறாள். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. தினம் காலையில் இவள் மகளின் சுகத்துக்காக நன்றி சொல்லச் சொல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் மகள் வலியில் துடித்திருக்கிறாள். எத்தனை மாசமாக?

எழுந்து உள்ளறைக்குப் போனாள். கேத்தரின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் துண்டு சுருட்டியிருந்தது. அம்மாவின் காலடி கேட்டதும் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். மகள் திட்டியிருந்தால், ஏசியிருந்தால்கூட ஜெபகனி தாங்கியிருப்பாள். கேத்தரின் சொன்னது வேறு.

"நிறுத்தாதம்மா. நீ ஜெபம் பண்ணிகினு இருந்தா எனக்கு சவுரியமா இருக்கும்."

ஜெபகனி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டாள். ஒரு தரமல்ல, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீ அத்தினி பேர் எதிர்ல சொல்லிட்டியேம்மா" என்றாள் கேத்தரின். "நான் வலிக்குதுன்னு சொன்னா நீ பொய் சொன்ன மாதிரி ஆயிடும். ஆண்டவர் பேரும் கெட்டுப்போவும். அதுவும் இல்லாம, மைக்ல பேசும்போது நீ எவ்ளோ சந்தோஷமா இருந்த தெரியுமா? அத நான் எப்டிம்மா கெடுப்பேன்?"

கூப்பிடும், ஆண்டவரே, நான் கேக்குறேன் என்று இத்தனை வருஷம் மன்றாடினாளே, அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மேடையிலிருந்தும் இல்லை, மைக்கிலிருந்தும் இல்லை. பக்கத்து அறையில், துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்த பிள்ளையின் வாயிலிருந்து. அவளுக்குத்தான் தன் குரலைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை. இதை அவள் அன்றைக்கு இப்படி யோசித்தாள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவளால் எதையும் யோசிக்க முடியவில்லை. மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். மேலே எதுவும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் ஜெபித்த முதல் ஜெபம் அதுதானோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

டைட்டஸ் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தார். ஜெபகனி வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் உள்ளே போய், பீரோவைத் திறந்து, அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து, ஆட்டோ பிடிக்கப் போனார். அவர் கத்தியிருக்கலாம். கத்தாமல் போனதை ஜெபகனியால் இன்றைக்கும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

வேலூரில் டாக்டர் படங்களை விளக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இடுப்பெலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டைட்டஸ் கேட்டார். டாக்டர் இளகின மனசுக்காரர், பொய் சொல்லவும் தெரியாதவர். இது வேகமாகப் பரவுகிற ஜாதி, பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது, கொஞ்ச நாள் கூடக் கிடைத்திருக்கலாம் என்றார். வலியை மட்டும் நிச்சயம் குறைத்திருக்கலாம் என்றார். ஜெபகனி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, கலவையில் மேடையின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு நடந்து வந்த தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஜெபகனி கம்பெனிக்குப் போகவில்லை. காலையில் முழங்கால் போடுவதை மட்டும் விடவில்லை. இடம் மாறிவிட்டது. ஹாலிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பேச மாட்டாள். மகளின் மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் சில நாள் அது அவளுக்குச் சித்திரவதையாக இருந்தது. சும்மா இருந்தால் குற்றம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து எதிரே நின்றது. சத்தம் போட்டு அதையெல்லாம் விரட்டிவிடலாம், அவளுக்குத் தெரியாத வித்தையா? விரட்டவில்லை. நிற்கட்டும் என்று விட்டாள். அதற்குப் பிறகு யாரோ அவளோடு கூட உட்கார்ந்திருக்கிற மாதிரி, எதுவும் சொல்லாமல், எழுந்தும் போகாமல் இருக்கிற மாதிரி ஒரு உணர்வு சில காலைகளில் வந்தது. அதில் ஆறுதல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. துணை மட்டும் இருந்தது.

கேத்தரினை வலியைச் சொல்ல வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அத்தனை மாசப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பரவாயில்லம்மா என்பாள். தேவலாம் என்பாள். ஜெபகனி விடாமல் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கேத்தரின், இங்க, என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். நெருப்பு வெச்ச மாதிரி இருக்கு, என்றாள். சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்ட மாதிரி அம்மாவைப் பார்த்தாள். ஜெபகனி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மருந்தை எடுத்துக் கொடுத்து, அது வேலை செய்யும்வரை அந்த இடத்தில் கையை வைக்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெபக்குழுப் பெண்கள் வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். சொன்ன சாட்சியை விட்டுவிடாதே அக்கா, இன்னும் இறுகப் பிடித்துக்கொள், நாங்கள் முறை போட்டுக்கொண்டு இங்கேயே ஜெபிக்கிறோம் என்றார்கள். ஜெபகனி அவர்களை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஜெபம் பண்ணுங்க. வேணான்னு சொல்லல" என்றாள். "ஆனா அவ எதிர்ல சுகமாயிடுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா அப்புறம் அவ எங்கிட்ட வலிக்குதுன்னு சொல்ல மாட்டா."

ஒருத்திக்கு முகம் சுண்டிப்போனது. இன்னொருத்தி ஜெபகனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேவானந்தம் போதகர் தினமும் சாயங்காலம் வந்து, கேத்தரினுக்குப் பிடித்த கிரிக்கெட் சமாசாரம் பேசிவிட்டு, கடைசியில் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போவார். அம்பரீன் வந்தால் கேத்தரினின் மொட்டைத் தலையில் திரும்ப வளர்ந்திருந்த முடிக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போவாள்.

ஆனி மாசத்தில் ஒரு சாயங்காலம் ஏலகிரிப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து மழை கொட்டியது. தெருவில் சாக்கடை நிரம்பி ஓடியது. மழை விட்ட பிறகு, கேத்தரின் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா, என்று கூப்பிட்டாள்.

"எனக்கு போவ இஷ்டம் இல்லம்மா."

பழைய ஜெபகனியிடம் இதற்குப் பதில் தயாராக இருந்திருக்கும். பரலோகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருப்பாள். அங்கே கண்ணீர் இல்லை, வலி இல்லை என்று மகளின் வாயை அடைத்திருப்பாள். அந்த வார்த்தைகள் எல்லாம் உண்மை என்றுதான் இப்போதும் நம்பினாள். ஆனால் பிள்ளை கேட்டது அதை அல்ல.

"எனக்கும் உன்ன அனுப்ப இஷ்டம் இல்லடி" என்றாள்.

"இத ஆண்டவர்கிட்ட சொல்லலாமா? கோச்சிக்க மாட்டாரா?"

ஜெபகனி யோசித்தாள். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது என்று யோசித்தாள்.

"மாட்டாரு" என்றாள். "என் சத்தத்தையெல்லாம் கேட்டுகினு இவ்ளோ நாளா பொறுமையா இருந்தவரு, நீ சொல்றதையா கேக்க மாட்டாரு?"

கேத்தரின் அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். ஒரு பெண் பிள்ளை தெரு கேட்க அப்படி அழுவதை அந்தத் தெரு கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து நின்றுவிட்டு உள்ளே போனார். டைட்டஸ் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். ஜெபகனி ஜன்னலைச் சாத்தவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் அழுது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அவளும் அழுதாள். அதுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஜெபம்.

அந்த வாரம் தாண்டவில்லை. ஒரு விடியற்காலையில் கேத்தரினின் மூச்சு தட்டுத் தடுமாறி வந்தது. மருந்து கொடுத்திருந்தார்கள், முகத்தில் துடிப்பு இல்லை. ஆனாலும் ஒருமுறை கண்ணைத் திறந்து, அம்மா வலிக்குது, என்றாள். சொல்வதற்கு அம்மாவிடம் அவளுக்கு இப்போது பயமில்லை.

"எங்க கண்ணு? காட்டு" என்றாள் ஜெபகனி.

கேத்தரின் அம்மாவின் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். ஜெபகனி அழுத்தாமல், எடுக்காமல், வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். வெளியே வெளுத்தது. பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை என்று ஆன பிறகும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அந்தக் கையை எடுத்துவிட டைட்டஸ்தான் வர வேண்டியிருந்தது.